தேரை தேடிய ஐப்பசி

ஓடையைப் பற்றி எழுது, எழுது என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு படத்தைப் போட்டுவிட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, கையில் வலையும் வெள்ளைத் தட்டுமாக நம் ஓடைக்குள் நிற்கிறார்கள். தவளை, நண்டு, நத்தை, தண்ணீர்ப்பூச்சி என்று எது கிடைத்தாலும் தட்டில் போட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப விட்டுவிடுகிறார்களாம். நல்ல காரியம்தான். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் மேல்தான் எரிச்சல். 'அது ஒரு காலம்' என்று ஒருத்தர் எழுதுகிறார். 'சொர்க்கம்' என்று இன்னொருத்தர். கண்ணீர் விடுகிற மஞ்சள் பொம்மைகளை வரிசையாகப் போடுகிறீர்கள். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரைக்கும் முட்டிவலிக்கும் மாத்திரை போடுகிறோம், ஓடை என்றால் மட்டும் உடனே சின்னப் பிள்ளையாகிவிடுகிறீர்கள்.

அதோடு விட்டீர்களா? என் தம்பியை வம்புக்கு இழுத்தீர்கள், அவனும் அந்தத் தேரைக் கதையை எடுத்துவிட்டான். அவன் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னானே, அதே கதை. கைக்குழந்தையாக இருந்தபோது அவன்மேல் தேரை விழுந்துவிட்டதாம், செத்துப் பிழைத்தானாம், அக்கா ஓடையில் இறங்கித் தேரையைப் பிடித்துவந்து உயிரைக் காப்பாற்றினாளாம். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விட்டேன். 'அக்காவுக்கு வெக்கம்' என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. வெட்கமும் இல்லை, மண்ணும் இல்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். நீங்களே கேட்டதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு எனக்குப் பொம்மை போடாதீர்கள்.

உங்கள் யாரைவிடவும் ஓடையில் அதிகம் கிடந்தவள் நான். ஏரி நிரம்பி வழிகிற கலங்கலில் தொடங்கி, எங்கள் கழனியை ஒட்டி வளைந்து, திருப்புலிவனம் போகிற ரோட்டுப் பாலத்துக்குக் கீழே போகிறதே, அதில் எனக்குத் தெரியாத பொந்து இல்லை. பையன்கள் மீனுக்காக வருவார்கள், கலக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு எல்லாமே வேண்டும். பொந்து வாசலில் ஈர மண் உருண்டை கிடந்தால் உள்ளே நண்டு இருக்கிறது என்று தெரியும். கல்லைப் புரட்டினால் அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தை. அழுகின இலையைக் கிளறினால் வாலில் ஊசி வைத்த தண்ணித்தேள். தண்ணீர்ப்பாம்பு காலை உரசிக்கொண்டு போனால் அசையாமல் நிற்கவேண்டும், கடித்தாலும் சாகமாட்டோம். அட்டை விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்கக்கூடாது, உப்பு வைத்தால் தானாக விழும். எங்கள் வீட்டில் நெளிந்துபோன ஓர் அலுமினியப் போசி இருந்தது. அதில் தலைப்பிரட்டைகளைப் பிடித்துவைத்து, கால் முளைக்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் போசியைப் பிறகு என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை.

தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போவேன். வேறு வழி? அம்மா நடவுக்குப் போய்விடுவாள். அவனை மணலில் உட்காரவைத்து, கையில் ஒரு நத்தைக் கூட்டைக் கொடுத்துவிட்டு இறங்குவேன். தவழ ஆரம்பித்திருந்த வயசு. வாயில் மண் இருக்கும், கன்னத்தில் சேறு இருக்கும், சிரித்துக்கொண்டே இருப்பான்.

அந்த ஐப்பசியில் நாலு மழைதான் பெய்திருந்தது. ஏரி நிரம்பவில்லை. ஓடையில் முழங்கால் தண்ணீர், செம்மண் நிறத்தில். அப்போதுதான் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தது.

எங்கள் வீட்டு நிர்வாகம் அத்தை கையில் இருந்தது. அப்பாவை நைனா என்போம், அத்தை அவருக்கு அக்கா. புருஷன் செத்து, தம்பி வீட்டோடு வந்தவள். அரிசிப் பானையிலிருந்து பெட்டிச் சாவிவரை அவளிடம்தான். அம்மா செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டாள். அத்தை ஒன்று சொன்னால் நைனா தலையாட்டுவார், நைனா தலையாட்டினால் அம்மா அடங்கிவிடுவாள். எங்கள் வீட்டில் சட்டம் இப்படித்தான் பாஸ் ஆகும்.

அத்தை போட்ட முதல் சட்டம்: பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது.

"வயித்தால போற புள்ளிக்கித் தண்ணி குடுத்தா இன்னும்தான் போவும். பாலும் வாணாம். வயிறு காயட்டும், தானா நிக்கும்" என்றாள்.

வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினாள். தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டாள். நிற்கவில்லை. இரண்டொரு நாளில் தம்பி ஆளே மாறிவிட்டான். கண் குழியில் போய்விட்டது. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அழுவான், கண்ணீர் வராது. பிறகு அழுவதற்கும் தெம்பு இல்லாமல் வாயை மட்டும் திறந்து மூடினான். அம்மா மடியில் போட்டுக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. கொடுக்கவில்லை. அத்தை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி என்ற பேச்சை நைனா ஒரே ஒரு தடவை எடுத்தார். அத்தை ஆடிவிட்டாள். "என் புள்ளியும் அங்கதான்டா எடுத்தும்போனேன். ஒரு ஊசி போட்டாங்கோ. துணியில சுத்திக் குடுத்தாங்கோ. உம் புள்ளியையும் சுத்தி வாங்கினு வரணுமா?" நைனா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். அத்தை சொன்னது பொய்யில்லை, அவள் பிள்ளை அப்படித்தான் போயிருக்கிறது. அந்தப் பயத்தை நான் இப்போது புரிந்துகொள்கிறேன். மன்னிக்க மட்டும் முடியவில்லை.

அப்புறம் அத்தை தம்பியின் கையையும் காலையும் தூக்கிப் பார்த்தாள். "கையி காலப் பாரு, குச்சி குச்சியா. வயித்தப் பாரு. தேரை வியுந்துகீது" என்றாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "இந்த மூதேவிதான் ஓடைக்கித் தூக்கினு போனா."

தேரை என்றால் சொறித்தவளை இல்லை. மெலிந்து, வெளுப்பாக, கால் நீளமாக இருக்குமே, சுவரில்கூட ஒட்டிக்கொள்ளுமே, அது. அது குழந்தைமேல் தாண்டினால் குழந்தையும் அதைப்போலவே வற்றிப்போகும் என்பது நம் ஊர் நம்பிக்கை. உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள், இல்லை என்று சத்தியம் பண்ணாதீர்கள்.

மேலத்தெருவிலிருந்து மந்திரிக்கிறவரைக் கூட்டிவந்தார்கள். தேள்கடி, கண்ணேறு, காணாமல்போன மாடு என எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தர்தான். மேலெல்லாம் திருநீறும் சுருட்டு நாற்றமும். குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடினார், திறந்தார், சொன்னார். பிள்ளையை யார் ஓடைக்குத் தூக்கிப்போனார்களோ அவர்கள் கையாலேயே அந்தத் தேரையை உயிரோடு பிடிக்கவேண்டும். மஞ்சள் தண்ணீரில் விட்டு, பிள்ளைக்குச் சுற்றி, அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றவேண்டும். பிடிக்கிறவரை, தேடுகிற நேரமெல்லாம் பிள்ளை தேரை தாண்டின இடத்திலேயே கிடக்கவேண்டும், அப்போதுதான் அது பிடியை விடும். தாயைத் தவிர வேறு பிள்ளைக்காரி யாரும் அந்தப் பக்கம் வந்தால் அவள் பிள்ளைமேலும் பாயும்.

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதையும் அவர் தெரிந்து செய்யவில்லை.

அன்று சாயந்தரமே அம்மா தம்பியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடைக்கு வந்தாள். புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். நான் இறங்கினேன். துளிக்கூட ஆசையில்லாமல் ஓடையில் இறங்கியது அதுதான் முதல் தடவை. நாணல் புதரை ஒதுக்கினேன். கற்களைப் புரட்டினேன். நண்டு ஓடியது, விட்டேன். ஒரு கறுப்பு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது, அதையும் விட்டேன். அழுதுகொண்டே தேடினேன். நான்தான் தம்பியைக் கொல்கிறேன் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள், நானும் நம்பிவிட்டேன்.

அப்போதுதான் நர்சம்மா வந்தாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. அவள் காலனிப் பெண், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். அவள் அப்பா எங்கள் கழனியில்தான் ஏர் ஓட்டினார். அவள் படித்து, டவுன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். காலையில் ஓடையைத் தாண்டி எங்கள் தெரு வழியாகப் போய் பஸ் ஏறுவாள், சாயந்தரம் அதே வழியில் திரும்புவாள். வெள்ளைப் புடவை, கையில் செருப்பு. தண்ணீருக்காகச் செருப்பைக் கழற்றுகிறாள் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கோடையில் ஓடை காய்ந்து கிடக்கும்போதும் அவள் எங்கள் தெருமுனைவரை செருப்பைக் கையில்தான் வைத்திருந்தாள் என்பது எப்போதோ ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நாங்கள் பிள்ளைகள் அவளை நர்சம்மா என்போம். அத்தை அவளை 'அந்தக் காலனிப் பொண்ணு' என்பாள்.

"இன்னா தேடுற பாப்பா?" என்றாள்.

"தேரை."

"எதுக்கு?"

சொன்னேன். அவள் மரத்தடியைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை. தண்ணீரிலேயே நின்றுகொண்டு, "அம்மா, நான் கொயந்தய ஒரு தபா பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஒரு ஆள் இல்லை. யாரும் வரவும் மாட்டார்கள், மந்திரிக்கிறவர் அப்படிச் சொல்லிவிட்டாரே. தலையை அசைத்தாள்.

நர்சம்மா தம்பியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து விட்டாள். விட்ட தோல் படியவில்லை, மடிப்பு அப்படியே நின்றது. அவள் முகம் மாறியது.

"தண்ணி குடுத்திங்களா?"

"அண்ணி குடுக்கக் கூடாதுன்னாங்க."

"பாலு?"

அம்மா நனைந்த ரவிக்கையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்கி எட்த்தும்போலாம், வாங்கம்மா. நான் கூட வரேன்."

"வூட்ல வுடமாட்டாங்கோ."

"அப்ப புள்ள தங்காது" என்றாள் நர்சம்மா. சுற்றி வளைக்கவில்லை. "தேரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒடம்புல தண்ணி வத்திப்போச்சி. மொதல்ல பால் குடுங்க. நான் வந்துர்றேன்."

செருப்பைக் கரையில் போட்டுவிட்டுக் காலனிப் பக்கம் ஓடினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஓடியது எனக்கு இன்றும் தெரிகிறது. அம்மா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து தம்பிக்குப் பால் கொடுக்கப் பார்த்தாள். அவனுக்கு இழுக்கத் தெம்பில்லை. பாலைப் பிழிந்து சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தேரை கிடைத்தது. தாழம்புதரில், தண்ணீருக்கு மேலே சாய்ந்திருந்த ஓர் இலையில், யாரோ சோப்புப் போட்டுவிட்டுப் போனமாதிரி வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தது, தேரை முட்டையிடுகிற நுரை. பக்கத்து இலை மடிப்பில் அது உட்கார்ந்திருந்தது, கண்ணை விழித்துக்கொண்டு. தாழை முள் கையைக் கிழிக்கக் கிழிக்க இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது, உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. "அம்மா, கெட்ச்சிச்சி! கெட்ச்சிச்சி!" என்று கத்திக்கொண்டே கரைக்கு ஓடினேன்.

அதற்குள் நர்சம்மா திரும்பிவந்திருந்தாள். கையில் ஒரு கண்ணாடி பாட்டில். மூச்சு வாங்கியது. "கொதிக்க வெச்சி ஆத்தின தண்ணிம்மா. சக்கரையும் உப்பும் போட்டுகீது. கொஞ்சம் கொஞ்சமா, வுடாம குடுக்கணும். நாள் பூரா."

அம்மா பாட்டிலைப் பார்த்தாள். "எந்தத் தண்ணி?" என்றாள்.

"எங்க வூட்டுத் தண்ணிதான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் காலனியிலிருந்து ஒரு முருங்கைக்காய்கூட வாங்கமாட்டார்கள். பிறகு மருந்து புகட்டுவதற்காக இடுப்பில் செருகியிருந்த பித்தளைப் பாலாடையை எடுத்து நீட்டினாள். நர்சம்மா ஊற்றினாள். அம்மா தம்பியின் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அம்மாவை நான் கும்பிட்டிருப்பேன். அவ்வளவு பெரிய காரியம் அது.

நான் தேரையை நீட்டினேன். அம்மா அதைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"வுட்டுடு" என்றாள்.

"அம்மா?"

"வுட்டுடுடி. கெடைக்கலன்னு சொல்லு. இத எடுத்தும்போனா நாளிக்கி இங்க வர வுடமாட்டாங்க."

எனக்கும் புரிந்தது. கையைத் திறந்தேன். ஒரே தாவலில் தாழைக்குள் போய்விட்டது. அதுவரை அத்தையிடம் ஒரு பொய் சொல்லி அறியாத அம்மா, வீட்டுக்குப் போனதும் நிமிர்ந்து நின்று, "கெடைக்கல அண்ணி. அது பகல்லதான் இலைக்கிள்ள தூங்குமாம். நாளிக்கி விடியக்காலயிலியே போறோம்" என்றாள். அத்தை விளக்குமாற்றை எடுத்தாள். அம்மாவை அடிக்கமுடியாது இல்லையா, என்னை அடித்தாள். "ஊருல கீற பூச்சி பொட்டெல்லாம் புடிப்ப, தம்பி உசுருக்கு ஒரு தேரை புடிக்கத் துப்பு கெடயாதா?" ஈர்க்குச்சி காலில் வரிவரியாகப் பதிந்தது. நான் அழவே இல்லை.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. விடியற்காலையில் நர்சம்மா பஸ்ஸுக்குப் போகும்போது பாட்டிலைத் தாழம்புதருக்குள் வைத்துவிட்டுப் போவாள். நாங்கள் பகலெல்லாம் ஓடையில் கிடப்போம். அம்மா பாலாடையால் புகட்டுவாள், இடையில் பால் கொடுப்பாள். நான் சும்மா தேடுகிறமாதிரி தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருப்பேன். தூரத்தில் களை எடுக்கிறவர்கள் பார்த்தால் நான் குனிந்து நிற்பது தெரியவேண்டும். பிள்ளைக்காரிகள் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயந்தரம் நர்சம்மா வந்து தம்பியின் தோலைக் கிள்ளிப் பார்ப்பாள், உச்சிக்குழியைத் தடவிப் பார்ப்பாள். "மூத்திரம் போனானா?" என்று கேட்பாள். ஒன்றிரண்டு சொட்டுதான் என்போம். போய்விடுவாள். ராத்திரி எனக்கு விளக்குமாறு.

ஒருநாள் மத்தியானம், வெயில் சுரீரென்று அடித்துக்கொண்டிருக்கும்போது, அம்மா "அய்யய்யோ" என்றாள். தூக்கிவாரிப்போட்டு ஓடினேன். அவள் மடியெல்லாம் நனைந்திருந்தது. தம்பி மூத்திரம் பெய்திருந்தான். அம்மா அந்த ஈரப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். நானும் குதித்தேன். அவன் எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதான். கண்ணீர் வந்தது. சொட்டுச் சொட்டாக, சரியான கண்ணீர்.

அன்று சாயந்தரம் நர்சம்மா வந்ததும் கத்திச் சொன்னேன். அவள் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து, கேட்காமலேயே தம்பியை அம்மா மடியிலிருந்து தூக்கினாள். தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். "எங்கள எப்பிடி பேஜார் பண்ணிட்ட! போக்கிரி!" என்று அவன் காதில் சொன்னாள். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

அத்தை மேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

எப்போது வந்தாள் என்று தெரியாது. அவளுக்குத்தான் பிள்ளை இல்லையே, தேரைக்குப் பயப்படவேண்டியதில்லை. இதை நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை.

"அடிப்பாவி! புள்ளிய யாரு கையில குடுத்துக்கினு கீற?"

அம்மா எழுந்து நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். இவள்தான் காப்பாற்றினாள், அண்ணி, உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் குழி வெட்டியிருப்போம் என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"நான் குடுக்கல அண்ணி" என்றாள் அம்மா. "வாணாம் வாணாம்னுதான் சொன்னேன். அவதான் வந்து தூக்கிட்டா."

நர்சம்மா அம்மாவைப் பார்த்தாள். தம்பியை மெதுவாகத் துணியில் கிடத்தினாள். புல்லில் பாட்டில் கிடந்தது. அத்தை கண்ணில் படாமல் அதைக் குனிந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இப்போதும் என்னால் தாங்கமுடியாதது அதுதான். அந்த நிலைமையிலும் அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்தாள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

"நீ தொட்டுத்தான் இன்னும் தேரை கெடைக்காம கீது" என்று அத்தை இரைந்தாள். "உங்கப்பங்கிட்ட சொல்லு. நாளையிலேர்ந்து எங்க கயனி வரப்புல அவன் காலு படக்கூடாது."

நர்சம்மா செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, தண்ணீரைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் தேரை பிடித்தே ஆகவேண்டும் என்றார்கள். வேண்டாதபோது கையில் வந்து உட்கார்ந்தது, வேண்டும்போது ஒன்றுகூட இல்லை. தாழை மடிப்பெல்லாம் பிரித்துப் பார்த்தேன், நுரைகூடக் கரைந்துபோயிருந்தது. கடைசியில் சேற்றிலிருந்து ஒரு சாதாரணப் பச்சைத் தவளையைப் பிடித்துத் துணியில் முடிந்துகொண்டு போனேன். கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். மந்திரிக்கிறவர் முடிச்சை அவிழ்த்தார், உற்றுப் பார்த்தார். "இதேதான்" என்றார். "பாரு, எப்பிடி மொறைக்கிது."

மஞ்சள் தண்ணீரில் தவளை நீந்தியது. தம்பிக்குச் சுற்றி, தலையில் ஊற்றினார்கள். ஏற்கெனவே தேறிக்கொண்டிருந்த பிள்ளை, குளிர் தாங்காமல் கத்தினான். "பாத்தியா, கொரல் வந்துட்ச்சி!" என்றாள் அத்தை. தெருவே கூடிவிட்டது. நைனா மந்திரிக்கிறவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார். என்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அம்மா அடுப்படி வாசலில் நின்று, யார் கேட்டாலும் "ஆமா, தேரைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நர்சம்மாவின் அப்பாவை அதற்குப் பிறகு எங்கள் கழனியில் பார்க்கவில்லை. ஊரில் வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, அத்தை சொல்லிவைத்திருந்தாள். வயசான காலத்தில் செங்கல் சூளைக்குப் போனார். கொஞ்ச நாளில் நர்சம்மா அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுனில் வீடு பார்த்துப் போய்விட்டாள்.

நான் வளர்ந்தேன். அம்மாவை மன்னித்தேன். நிஜமாகவே மன்னித்தேன். அத்தைக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னாள், இல்லையென்றால் அந்த வீட்டில் வாழ விட்டிருப்பார்களா, பொய் சொல்லிப் பொய் சொல்லித்தானே பிள்ளையைக் காப்பாற்றினாள், கடைசியில் இன்னொரு பொய், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் நியாயமும் இருந்தது.

தம்பி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு தீபாவளிக்கு முன்னால், நாங்கள் மூன்று பேரும் உத்திரமேரூருக்குத் துணி எடுக்கப் போனோம். அத்தை அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். சாவி அம்மா இடுப்புக்கு வந்திருந்தது, நடையே மாறியிருந்தது. துணி எடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கூட்டத்தில் வெள்ளைப் புடவை தெரிந்தது. நான் பார்ப்பதற்கு முன்னால் அம்மா பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். இல்லை. அவளே கையை ஆட்டி, "ஏம்மா, நர்சம்மா!" என்று கூப்பிட்டாள்.

இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

நர்சம்மா வந்தாள். காலில் செருப்பு போட்டிருந்தாள். கண்ணாடி போட்டு, கொஞ்சம் பெருத்திருந்தாள். அம்மா தம்பியை முன்னால் தள்ளி, "இவன்தான்" என்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அட, இவனா? எம்மாம் பெரிசா வளந்துட்டான்!" நர்சம்மா குனிந்து, இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்தாள். "இன்னா படிக்கிற ராஜா?" அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். அவள் சிரித்தாள். என் தலையையும் தொட்டாள். "நல்லா இருங்கம்மா" என்றாள். அவள் பஸ் உறுமியது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

பஸ் போகிறதையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே முந்தானையை எடுத்து, தம்பியின் கன்னத்தைத் துடைத்தாள். முதலில் ஒரு பக்கம், பிறகு இன்னொரு பக்கம், அழுத்தி.

நான் சுற்றிலும் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர்கூட இல்லை.

"எதுக்கும்மா தொடச்ச?"

"இன்னாத்த?"

"அவன் கன்னத்த."

அம்மா தன் கையைப் பார்த்தாள். முந்தானை இன்னும் விரலில் இருந்தது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "தெரியலடி" என்றாள். "கையி தானா போய்ட்ச்சி."

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் பஸ் வந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, எனக்காகப் பக்கத்தில் துணிப்பையைப் போட்டு இடம் பிடித்தாள். நான் அவளைத் தாண்டிக் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.